ஏப்ரலில் ஆஸ்டின் வரும் அப்பா, அம்மாவுக்கு ஒரு நாள் பயணம்

அப்பாவுக்குப் பறவை, முழங்கால் வலியுள்ள அம்மாவுக்குப் பூ, கையில் இருப்பதோ ஒரே சனிக்கிழமை, எங்கே போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். பெடர்னேலஸ் ஃபால்ஸ் ஸ்டேட் பார்க்குக்கே போங்கள். ஆஸ்டினிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். சனி, ஞாயிறு கூட்டம் நெரியும், அதனால் டே பாஸை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

அங்கே பறவை பார்க்கவென்றே மறைவுக் குடில்கள் இருக்கின்றன. உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம், அம்மாவுக்கும் கால் நோகாது. சிவப்பு கார்டினல் அநேகமாகக் கண்ணில் படும். அப்பா தேட வேண்டியது கோல்டன் சீக்ட் வார்ப்ளர். மஞ்சள் கன்னம், கண் வழியே ஒரு கறுப்புக் கோடு. டெக்சாஸைத் தவிர உலகில் வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை. முதிர்ந்த ஜூனிபர் மரப்பட்டையை நார் நாராக உரித்து, சிலந்தி நூலால் பிணைத்துக் கட்டும். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் சத்தம் அடங்கிவிடும்.

பூவுக்கு மட்டும் பார்க்கை நம்ப வேண்டாம். ப்ளூபானெட் என்ற நீலக் காட்டுப்பூ சாலையோரத்தில்தான் கொட்டிக் கிடக்கும், அதுவும் முந்தைய இலையுதிர்கால மழையைப் பொறுத்தது. திரும்பும்போது ஆஸ்டினில் லேடி பேர்ட் ஜான்சன் வைல்ட்ஃபிளவர் சென்டருக்குக் கூட்டிப்போங்கள். சமதளப் பாதை, அம்மாவுக்குச் சரியாக இருக்கும்.

அப்புறம், பெடர்னேலஸ் பார்க்கில் ஆற்றுப் பாறைகளில் நிற்கும்போது தண்ணீர் கலங்கி ஏறினால் உடனே மேலே வந்துவிடுங்கள். அங்கே திடீர் வெள்ளம் சகஜம்.