முழுக் கார் வேண்டாம், ஒரு பாகம் போதும்

இயந்திரப் பொறியியல் இறுதியாண்டில் இருக்கிறீர்கள், பந்தயக் கார் வடிவமைப்பு வேலைக்காக ஒரு முழு பார்முலா ஒன் காரையே கணினியில் வரைந்து வருகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை நிறுத்தி வையுங்கள். ஒருவரே முழுக் காரையும் வரைந்த காலம் மலையேறிவிட்டது. புதிதாகச் சேருபவர் கையில் பெரும்பாலும் ஒரு சிறு பாகம்தான் வரும்.

சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட்டை மட்டும் எடுங்கள். பிரேக் பிடிக்கும்போது எவ்வளவு விசை வருகிறது, வளைவில் எவ்வளவு, அது பேரிங்கிலிருந்து விஷ்போனுக்கு (அப்ரைட்டைக் காரின் உடலோடு இணைக்கும் கை) எந்த வழியாகப் போகிறது, எந்த மூலையில் முதலில் விரிசல் விழும், போல்ட்டை முடுக்க ஸ்பேனர் நுழையுமா? (கடைசிக் கேள்வியை மாணவர்கள் மறப்பார்கள், மெக்கானிக்குகள் மன்னிக்க மாட்டார்கள்.) "இங்கே தடிமன் ஏன் 4 மில்லிமீட்டர்?" என்று நேர்காணலில் கேட்டால், கணக்கைக் காட்டத் தெரிய வேண்டும். பளபளக்கும் படங்கள் அங்கே எடுபடாது.

காற்றியக்கவியலில் இறங்குவதா, இயந்திரவியலிலா என்ற குழப்பத்துக்கு ஒரே விடை கிடையாது. பார்முலா ஒன் கார் வடிவமைப்பில் பேர்பெற்ற இருவரைப் பாருங்கள். ஏட்ரியன் நியூயி வானூர்திப் பொறியியல் படித்தவர். 1980இல் பட்டம் பெற்றதும் பிட்டிபால்டி அணியில் சேர்ந்தார். கோர்டன் மர்ரே படித்ததோ இயந்திரப் பொறியியல். தென்னாப்பிரிக்காவில் தானே கட்டிய காரைப் பந்தயத்தில் ஓட்டிவிட்டு, 1969இல் இங்கிலாந்து போய் பிரபாம் அணிக்குள் நுழைந்தார்.

கல்லூரியில் பார்முலா ஸ்டூடண்ட் (மாணவர்களே பந்தயக் காரை வடிவமைத்துக் கட்டும் போட்டி) அணி இருந்தால் இந்த வாரமே சேருங்கள். வரைந்த பாகம் உங்கள் கண்முன்னே உடைவதை அங்குதான் பார்க்கலாம்.