வேலூரில் பழைய போர்ஷே வைத்துக்கொள்ள வருடத்துக்கு எவ்வளவு செலவாகும்?

கேட்டவர் வேலூர்க்காரர். பெங்களூருவில் பதினைந்து வயது தாண்டிய போர்ஷே ஒன்று புது இன்னோவா விலைக்குக் கிடைக்கிறதாம். கூடவே பழைய ஃபெராரி, லம்போர்கினி மேலும் ஒரு கண். பராமரிப்புக்கு எவ்வளவு ஆகும், இந்த ஊரில் கட்டுப்படியாகுமா என்பது கேள்வி.

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்ஷேயின் பாக்ஸ்டர், கேமன் மாதிரி மாடல் என்றால், பெரிதாக எதுவும் போகாத வருடத்தில் இன்ஷூரன்ஸோடு சேர்த்து ஒன்றரை, இரண்டு லட்சம். ஏதாவது ஒன்று போகிற வருடத்தில் ஐந்து லட்சம் சாதாரணமாக ஓடிவிடும். இன்ஜினோ கியர்பாக்ஸோ போனால், வாங்கிய விலையில் பாதி வரைக்கும் கூட இழுக்கும். ஃபெராரி, லம்போர்கினிக்கு இதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் உத்தேசம்தான், எங்கள் வீட்டுப் பில்களையும் தெரிந்தவர்கள் கட்டியதையும் வைத்துச் சொல்வது.

என் மச்சானுக்கு ராணிப்பேட்டையில் தோல் வியாபாரம். அவரிடம் 2007 கேமன் எஸ் ஒன்று இருக்கிறது. ஓட்டுவது அவர். சர்வீஸுக்கு அனுப்புவது, பார்ட்ஸ் தேடுவது, இன்ஷூரன்ஸ், ஆர்.டி.ஓ. எல்லாம் என் தலையில். அதனால் ஓட்டுகிற சுகத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, செலவைப் பற்றிக் கேளுங்கள்.

கார் விலை இன்னோவா அளவுக்கு இறங்கிவிட்டது, சரி. அதன் உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. ஹெட்லைட் உடைந்தால் போர்ஷே ஹெட்லைட்டுக்கு உண்டான விலைதான், அதோடு இறக்குமதித் தீர்வை, ஜி.எஸ்.டி. இதை எல்லோரும் சொல்வார்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. நம் ஊரில் இந்தக் கார்கள் கிலோமீட்டர் கணக்கில் கெடுவதில்லை, வருடக் கணக்கில் கெடுகின்றன. விற்கிறவர் "சார், வெறும் முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று பெருமையாகச் சொல்லும்போது நீங்கள் கொஞ்சம் பயப்பட வேண்டும்.

வேலூர் வெயில் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டு, ராத்திரியிலும் சுவர் சுடும். பதினைந்து வருடம் ஆன ஐரோப்பியக் காரின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஷெட்டுக்குள் சும்மா நின்றாலே காய்ந்து இறுகிப்போகும். கூலன்ட் டேங்கில் விரிசல் விடும். ஹோஸ் உப்பும். இக்னிஷன் காயில்களின் மேலுறை வெடிக்கும். இன்ஜினிலிருந்து வரும் ஆவியில் ஆயிலைப் பிரித்துத் திருப்பி அனுப்ப ஒரு சின்ன பிளாஸ்டிக் பாகம் உண்டு, ஏர் ஆயில் செபரேட்டர் என்பார்கள். அதன் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை கொட்டும். பார்க்கிறவர்கள் இன்ஜினே போய்விட்டது என்று நினைப்பார்கள். எங்கள் காரில் கிழிந்தபோது மச்சான் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாகம் அப்படி ஒன்றும் விலை இல்லை. அதைத் தொடுவதற்குக் கை எட்ட வைக்கும் கூலிதான் விலை.

ஏனென்றால் கேமனில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், நடுவில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் பானட்டைத் திறந்தால் டிக்கி, பின்னால் திறந்தாலும் டிக்கி. ஆயில், கூலன்ட் ஊற்றும் மூடிகள் மட்டும் பின் டிக்கியில் எட்டிப்பார்க்கும். சத்துவாச்சாரியில் பெட்ரோல் போட நிறுத்தினால் நாலு பேர் வந்து "இன்ஜினைக் காட்டுங்க சார்" என்பார்கள். காட்ட முடிந்தால் நாங்களே பார்த்திருப்போமே. சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டைக் கழற்றினால் ஒரு மூடி உண்டு, அதன் வழியாகக் கொஞ்சம் தெரியும். மீதி வேலை எல்லாம் லிஃப்டில் ஏற்றி அடியிலிருந்துதான். மாருதியில் அரைமணி நேர வேலை இதில் அரை நாள்.

ரேடியேட்டர் முன் பம்பரின் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஏ.சி. கன்டென்ஸர் அதற்கு முன்னால். பம்பரின் வாய் வழியாகப் போகும் புளிய இலை, வேப்பஞ்சருகு, மண் எல்லாம் இரண்டுக்கும் நடுவில் சேர்ந்து, மழையில் நனைந்து, அலுமினியத்தை அரித்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை, கோடைக்கு முன்னால், பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இதற்கு ஒன்றும் பெரிய செலவில்லை. செய்யாமல் விட்டவர்கள்தான் ரேடியேட்டர், கன்டென்ஸர் இரண்டையும் ஜோடியாக மாற்றுகிறார்கள்.

டயரும் இதே கதைதான். கேமன் எஸ்ஸுக்கு முன்னால் 235/40 ஆர்18, பின்னால் 265/40 ஆர்18. முன்னும் பின்னும் வேறு அளவு என்பதால் முன்பின் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் வழியில்லை. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1415 என்றால் 2015இல் பதினான்காவது வாரம் செய்தது. அந்த டயரோடு சென்னை–பெங்களூரு ஹைவேயில் 140 போகிற தைரியம் எனக்கில்லை. நான்கும் மாற்ற எங்களுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் ஆனது. பிரேக் ஆயிலை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோம். இன்ஜின் ஆயிலை வருடத்துக்கு ஒரு முறை. ஸ்விஃப்டுக்கு மூன்று லிட்டர் சொச்சம் என்றால் இதற்கு எட்டு லிட்டருக்கு மேல் பிடிக்கும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பருக்கும் ஆகாது. மாதக்கணக்கில் காரை நிறுத்துவதாக இருந்தால் அதையும் யோசியுங்கள்.

ஃபெராரி ஆசைக்கு வருவோம். 355 மாடலில் டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டை) மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். 360இல் சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடி வழியாக மாற்றிவிடலாம். 430இல் பெல்ட்டே இல்லை, செயின். மூன்றும் ஒரே வரிசையில் வந்த கார்கள், ஆனால் பராமரிப்பில் மூன்றும் மூன்று உலகம். பெல்ட்டும் கிலோமீட்டர் பார்ப்பதில்லை, மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் மாற்றியாக வேண்டும். 430இல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய், விரிசல் விடும் பழக்கம் உண்டு.

லம்போர்கினி கய்யார்டோவில் ஈ-கியர் வண்டிகளைக் கவனமாகப் பாருங்கள். அதை ஆட்டோமேட்டிக் என்று நினைத்து ஓட்டினால் போச்சு. உள்ளே இருப்பது சாதாரண ஒற்றைக் கிளட்ச், மிதிப்பது மட்டும் மெஷின். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் சாயங்காலம் ஊர்ந்து ஏறினால் அந்தக் கிளட்ச் மண்ணெண்ணெய் தீர்ந்த ஸ்டவ் திரி மாதிரி தன்னையே எரித்துக்கொள்ளும். மேட்டில் ரிவர்ஸ் எடுப்பது அதைவிட மோசம். கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று ஸ்கேனரில் பார்க்கலாம், பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ஆடி கம்பெனியின் ஆர்8 கொஞ்சம் சாது, பல பாகங்கள் மற்ற ஆடிகளோடு பொது. ஆனால் அதன் மேக்னெட்டிக் சஸ்பென்ஷன் ஷாக் அப்சார்பர்கள் ஒழுகும்.

போர்ஷேயில் கேட்க வேண்டிய கேள்வி ஐ.எம்.எஸ். பேரிங். 1997 முதல் 2008 வரை வந்த பாக்ஸ்டர், 911 (டர்போ, ஜிடி3 நீங்கலாக), கேமன் இன்ஜின்களில் உள்ளே ஒரு இடைநிலை ஷாஃப்ட், அதன் முனையில் இந்த பேரிங். போனால் இன்ஜினைக் கூட்டிப் பெருக்க வேண்டியதுதான். 2005 வரை வந்தவற்றில் கிளட்ச் மாற்றும்போதே இதையும் மாற்றலாம். அதற்குப் பிறகு 2008 வரை பெரிய பேரிங் போட்டார்கள், கெடுவது அரிது, ஆனால் மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். எங்களுடையது அந்த ரகம். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரை அறுத்து உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்ப்போம். 2009 மாடல் முதல் அந்த ஷாஃப்டே இல்லை. காசு கொஞ்சம் கூடினாலும் அதற்குப் பிறகு வந்ததை வாங்குங்கள் என்பேன்.

செராமிக் பிரேக் இருந்தால் அழகுதான், டிஸ்க்கைப் பிடிக்கும் மஞ்சள் கேலிப்பர் பளிச்சென்று தெரியும். ஆனால் நான்கு டிஸ்க்கும் மாற்ற வேண்டி வந்தால் அந்தக் காசுக்கு நல்ல கார் ஒன்று புதிதாகவே வாங்கலாம். சாதாரண இரும்பு டிஸ்க் உள்ள காரே நமக்குப் போதும்.

இனி ஊர் விஷயம். வேலூரில் மெக்கானிக் திறமைக்குக் குறைவில்லை, ஸ்கேனரும் பழக்கமும்தான் இல்லை. போர்ஷே ஷோரூமுக்குச் சென்னை, சுமார் 140 கிலோமீட்டர். வெளியே ஐரோப்பியக் கார் மட்டும் பார்க்கும் நல்ல கராஜ்களுக்குப் பெங்களூரு, 200க்கு மேல். வழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கும் பேச்சே கூடாது, பிளாட்பெட் வண்டிதான், அதுவும் தாழ்வான காரை ஏற்றத் தெரிந்த ஆளோடு. போக வர பதினைந்து, இருபதாயிரம் ஆகும். ஒரு முறை போனால் எல்லா வேலையையும் சேர்த்து முடித்துவிட்டு வருவது நல்லது, இல்லாவிட்டால் பார்ட்ஸைவிட போக்குவரத்துக்கே அதிகம் அழுவீர்கள்.

வேகத்தடைக்கு இந்தியச் சாலை காங்கிரஸ் என்கிற சாலைப் பொறியாளர் அமைப்பு 1988இல் வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அப்படி ஒன்றை நம் பக்கத்துத் தெருக்களில் கண்டால் எனக்கும் காட்டுங்கள். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருவில் முன் பம்பரின் அடி உரசாமல் வருவது ஒரு கலை. மச்சான் வீட்டிலிருந்து ஹைவே வரைக்கும் அவருக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார், ஒன்றரை கிலோமீட்டர் சுற்று. அப்புறம் ஏலகிரியின் பதினான்கு ஹேர்பின் வளைவுகளில் அவர் சிரிப்பதைப் பார்த்தால் அந்தச் சுற்று நியாயம்தான் என்று தோன்றும்.

நம் ஊரில் மலிவான ஒன்றும் உண்டு, தோல். சீட் தோல் வெடித்திருக்கிறது என்று விற்பவர் விலையைக் குறைத்தால் சந்தோஷமாக வாங்குங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் நல்ல தோல் கிடைக்கும், தைக்கவும் ஆள் இருக்கிறார்கள். கம்பெனி கேட்கும் தொகையில் சின்னப் பங்குதான் ஆகும். வீல் பேரிங்கையும் மேலே பொறித்திருக்கும் எண்ணைக் காட்டி பேரிங் கடையில் கேட்டுப் பாருங்கள். பாஷ், மான், சாக்ஸ் மாதிரி போர்ஷேக்கே சப்ளை செய்கிற கம்பெனிகளின் டப்பாவில் அதே பாகம் குறைந்த விலையில் வரும்.

பேப்பர் வேலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கர்நாடகப் பதிவு என்றால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, பதிவை இங்கே மாற்றி, தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். 2023 நவம்பருக்குப் பிறகு 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதுக்குத் தக்கபடி குறையும். எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பதினைந்து வருடம் தாண்டிய இறக்குமதிக் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 15,000 ரூபாயிலிருந்து 40,000 ஆனது.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பாதுகாப்பு 1500 சி.சி.க்கு மேல் எந்தக் காருக்கும் 7,897 ரூபாய்தான், 2022இல் வைத்த கட்டணம். சொந்தச் சேதம்தான் வில்லங்கம். ஐந்து வருடம் தாண்டினால் காரின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்ய வேண்டும். பத்து வருடம் தாண்டிய காரில் உலோக பாகத்துக்கும் பிளாஸ்டிக், ரப்பருக்கும் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். பம்பர் உடைந்தால் பாதி உங்கள் பாக்கெட்டிலிருந்து. உள்ளே தானாகக் கெட்டுப்போவது எதற்கும் பாலிசியில் இடமில்லை.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் காரை, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கராஜில் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். இன்ஜினை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும், அதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் சின்ன கேமரா விட்டுக் கோடு விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பில் கட்டை வாங்கி, கடைசி ஐந்து வருடத்தில் கூலன்ட், பிரேக் ஆயில், டயர் எப்போது மாறின என்று தேதியைப் பாருங்கள். மாற்றாதது ஒவ்வொன்றையும் கூட்டி விலையில் கழித்துப் பேசுங்கள். இருபத்தைந்து லட்சத்துக்குச் சொன்ன கார் இருபதுக்கு இறங்கினால், அந்த ஐந்தை வேறெதற்கும் தொடாமல் பேங்கில் போட்டு வையுங்கள். முதல் இரண்டு வருடத்தில் அது காலியாகும்.