கேள்வி-பதில்: தீசிஸும் அறுபது நோயாளிகளும்

கே: எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு. ஆராய்ச்சி செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

ப: ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்) குறுகியகால மாணவர் ஆய்வுத் திட்டத்தில். 1979 முதல் நடக்கிறது. இரண்டு மாத வேலை. கைடின் (ஆய்வு வழிகாட்டியின்) பெரிய பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். கொடுத்த வரைவைப் படித்துத் திருத்தித் தருகிறவரா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள்.

கே: முதுநிலை மாணவர்களுக்கான ஆராய்ச்சி முறையியல் இணையவழிப் படிப்பு கட்டாயமா?

ப: கட்டாயம். சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்துகிறது. வீடியோவை ஓடவிட்டுவிட்டு வார்டுக்குப் போய்விடாதீர்கள்.

கே: தீசிஸுக்கு 60 நோயாளிகள் போதும் என்கிறார் கைடு. 60 வருகிறமாதிரி ஒரு கணக்கு எழுதித் தர முடியுமா?

ப: முடியாது. மாதம் நாலு பேராவது இதையே கேட்கிறீர்கள். எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும் 4பிக்யூ சூத்திரம் தெரியும்தானே? 4 × பாதிப்புள்ளவர் சதவீதம் × இல்லாதவர் சதவீதம் ÷ பிழை அளவின் வர்க்கம். சர்க்கரை நோயாளிகளில் விழித்திரைப் பாதிப்பு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிழை அளவு, அதாவது விடை இருபக்கமும் விலகலாம் என்று நாம் ஏற்கும் எல்லை, 5 என்றால் 256 பேர் வேண்டும். அதே 5-ஐ 10 ஆக்கினால் 64. நாலு பேரைத் தள்ளிவிட்டால் உங்கள் 60! ஆனால் விடை என்ன? ‘பாதிப்பு 10-லிருந்து 30 சதவீதத்துக்குள் எங்கோ இருக்கிறது.’ இதை ஓ.பி. நர்ஸ் உங்கள் தீசிஸ் இல்லாமலே சொல்லிவிடுவார்.

1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் எடுத்துக்கொண்ட கேள்வி ஒரு வரிதான்: சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில்) படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா? சுமார் 200 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்து ஓராண்டு சிகிச்சை கொடுத்தார்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்சமுள்ள மருந்தை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். இரு பக்கமும் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் தேறினார்கள். 1959-இல் முடிவு வெளியானது. சானடோரியப் படுக்கை இல்லாமலே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகம் ஒப்புக்கொள்ள அதுவும் ஒரு காரணம். அங்கே கேள்விதான் எண்ணிக்கையைத் தீர்மானித்தது. உங்கள் துறையிலோ 60 முதலில் வருகிறது, கேள்வியைப் பிறகு தேடுகிறீர்கள்.

கே: எக்செல் கோப்பை இணைத்திருக்கிறேன். எந்தச் சோதனை செய்தால் ‘பி’ மதிப்பு (வெறும் தற்செயலால் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வரும்?

ப: கோப்பைத் திறந்தேன், நோயாளிகளின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருந்தன. உடனே அழித்துவிட்டேன். அதற்குள் கண்ணில் பட்டவை: பாலினத்துக்கு ‘ஆண்’, ‘ஆ’, ‘எம்’, ‘1’ என நான்கு விதம், வயதுக் கட்டத்தில் ‘நாற்பது இருக்கும்’. இதற்கு எந்தச் சோதனையும் கிடையாது. கேஸ் ஷீட்டை எடுத்து முதல் வரியிலிருந்து சரிபாருங்கள்.

கே: தரவு சேகரித்து முடித்தாயிற்று. இப்போது நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கலாமா?

ப: கூடாது. மருந்துச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவும் முன்னதாகவே வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவு இல்லை.

கே: பணம் கட்டினால் மூன்றே நாளில் கட்டுரையை வெளியிடுவதாக ஓர் இதழ் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அனுப்பட்டுமா?

ப: வேண்டாம். மூன்று நாளில் யார் படித்துப் பார்த்திருப்பார்கள்?

கே: எம்.டி. முடித்துவிட்டேன். பி.எச்டி. சேரலாமா, மாலை கிளினிக் வைக்கலாமா?

ப: சேர்கிற இடத்தில் வாரம் இரண்டு நாளாவது வார்டு வேலை இல்லாமல் விடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். உங்கள் இரண்டு பக்கக் கடிதத்தில் சம்பளம், வீட்டுக்கடன், மாமனாரின் கருத்து எல்லாம் இருக்கிறது. எதை ஆராயப்போகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. அதை எழுதி அனுப்புங்கள், மீதியைப் பிறகு பேசலாம்.