வாசகர் கேள்வி – பதில்: நேரலை திக்குவது கணினியாலா, இணையத்தாலா?

கேள்வி: வாரம் ஒரு முறை ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற நேரலை, பதிவு மென்பொருள் வழியாக யூடியூபில் இலக்கண வகுப்பு நடத்துகிறேன். என் இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ் வேகம் கொண்டது. ஆனாலும் படம் நின்று நின்று வருவதாக மாணவர்கள் சொல்கிறார்கள். பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை) 6000 கிலோபிட்டிலிருந்து 9000-க்கு உயர்த்திய பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. புதிய கணினி வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்கும் யோசனையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். படம் திக்குவதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிவதால், ஒரு நோய்க்கு இன்னொன்றின் மருந்தைக் கொடுத்துவிடுகிறோம். நல்லவேளையாக, ஓபிஎஸ் இம்மூன்றுக்கும் தனித்தனியே கணக்கு வைத்திருக்கிறது. ‘டாக்ஸ்’ மெனுவில் உள்ள ‘ஸ்டாட்ஸ்’ பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாதபடி ‘பிரைவேட்’ என்று குறித்த ஒரு நேரலையை இருபது நிமிடம் ஓடவிடுங்கள்.

அதில் ‘ரெண்டரிங் லேக்’ என்ற எண் ஏறினால், கேமரா, எழுத்து, திரைக்காட்சி ஆகியவற்றை ஒரே படமாகக் கோத்துத் தரும் கிராஃபிக்ஸ் சிப் திணறுகிறது என்று பொருள். ‘என்கோடிங் லேக்’ ஏறினால், கோத்த படத்தைச் சுருக்கும் என்கோடர் பின்தங்குகிறது. ‘டிராப்டு ஃபிரேம்ஸ்’ (கைவிடப்பட்ட படச்சட்டங்கள்) ஏறினால் மட்டுமே குற்றம் இணையத்தின்மேல். சுருக்கிய படம் தயாராக இருந்தும் வெளியே போக வழியில்லாமல் கைவிடப்படுகிறது. எண்களைப் பார்த்தும் ஐயம் தீரவில்லையென்றால், நேரலையோடு பதிவையும் சேர்த்து இயக்குங்கள். வன்தட்டில் விழுந்த பதிவு ஒழுங்காக ஓடி, நேரலை மட்டும் திக்கினால் கணினி நிரபராதி.

பிட்ரேட்டை உயர்த்தியதும் நிலைமை மோசமானது என்று நீங்கள் எழுதியிருப்பதால், உங்கள் சிக்கல் மூன்றாவது வகை என்றே கருதுகிறேன். 100 எம்பிபிஎஸ் என்பது பெரும்பாலும் பதிவிறக்க வேகமாகவே இருக்கும். நேரலைக்கு வேண்டியதோ பதிவேற்ற வேகம், அது பல இணைப்புகளில் மிகக் குறைவு. வேகச் சோதனையில் ‘அப்லோடு’ என்ற எண்ணை வெவ்வேறு நேரங்களில் குறித்துக்கொண்டு, அவற்றுள் மிகக் குறைந்ததில் முக்கால் பங்கைத் தாண்டாமல் பிட்ரேட்டை வையுங்கள். அந்த எண் 6 எம்பிபிஎஸ், அதாவது 6000 கிலோபிட், என்றால் 4500 போதும். கரும்பலகையும் முகமும் மட்டுமே தெரியும் வகுப்புக்கு 720பி அளவில் அது தாராளம். ‘ரேட் கன்ட்ரோல்’ சிபிஆர் (மாறாத பிட்ரேட்) ஆகவும், ‘கீஃபிரேம் இன்டர்வல்’ (முழுப் படம் அனுப்பும் இடைவெளி) 2 நொடியாகவும் இருக்கட்டும். வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறுவது, இவை எல்லாவற்றையும்விடக் கூடுதல் பயன் தரக்கூடும்.

ஒருவேளை ஏறுவது ‘என்கோடிங் லேக்’ என்றால், கணினியின் மையச் செயலியில் ஓடும் எக்ஸ்264 என்கோடரை விட்டு, உங்கள் கணினியில் எது இருக்கிறதோ அதற்கேற்ப என்வெங்க் (என்விடியா) அல்லது குயிக்சிங்க் (இன்டெல்) வன்பொருள் என்கோடருக்கு மாறுங்கள். ‘ரெண்டரிங் லேக்’ என்றால் நொடிக்கு 60 ஃபிரேம் என்பதை 30 ஆக்குங்கள். வகுப்புக்கு 60 தேவையே இல்லை.

கேள்வி: இரண்டு மணி நேர நேர்காணலைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. எம்பி4 கோப்பு பெரிதாக இருக்கிறது, ஆனால் எந்த பிளேயரிலும் திறக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, நானும் ஒரு முறை இப்படி இழந்திருக்கிறேன். வழக்கமான எம்பி4-இல், எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. அதற்கு முன்பே மின்சாரம் போனால் படமும் ஒலியும் கோப்புக்குள் இருந்தும் பிளேயரால் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. அதே கேமராவில் அதே அமைப்புகளோடு எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொண்டு மீட்க முயலும் மென்பொருள்கள் உள்ளன; வெற்றி உறுதியில்லை. இனிமேல் பதிவை எம்கேவி வடிவில் வையுங்கள். இடையில் அறுந்தாலும் அதுவரை பதிவானது பிழைக்கும்; பிறகு ஓபிஎஸ்-இன் ‘ஃபைல்’ மெனுவில் உள்ள ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ வழியாக, தரம் சிறிதும் குறையாமல் சில நொடிகளில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். வன்தட்டில் இடம் இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பாருங்கள்: 6000 பிட்ரேட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.7 ஜிபி பிடிக்கும்.

கேள்வி: பதிவில் குரல் முன்னே வருகிறது, உதட்டசைவு பின்னே வருகிறது. சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. கேமராவின் படம் கணினிக்குள் வந்து சேரத் தாமதமாவதும், மைக்கின் ஒலி உடனே வந்துவிடுவதும்தான் காரணம். கேமரா முன் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, தட்டல் ஓசை கேட்ட பிறகு எத்தனையாவது ஃபிரேமில் உள்ளங்கைகள் சேர்கின்றன என்று எண்ணுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 33 மில்லிநொடி. ஆறு ஃபிரேம் தள்ளியிருந்தால், ‘அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராபர்ட்டீஸ்’ பகுதியில் மைக்குக்கு எதிரே ‘சிங்க் ஆஃப்செட்’ கட்டத்தில் 200 என்று இடுங்கள். மீண்டும் கைதட்டிச் சோதியுங்கள். இரண்டாவது முறையிலேயே பெரும்பாலும் பொருந்திவிடும். கேமராவையோ அதன் இணைப்பையோ மாற்றினால் இந்த எண்ணும் மாறும்.

கேள்வி: என் குரல் இரட்டையாகக் கேட்கிறது.

பதில்: மைக்கை ஒரு முறை ‘செட்டிங்ஸ்’ பகுதியிலும், மறுமுறை சீனுக்குள் (ஓபிஎஸ்-இல் நீங்கள் அமைக்கும் காட்சிக்குள்) தனி சோர்ஸாகவும் சேர்த்திருப்பீர்கள். ‘ஆடியோ மிக்சர்’ பகுதியில் நீங்கள் பேசும்போது இரண்டு பட்டைகள் சேர்ந்தே துள்ளினால் அதுதான். ஒன்றை நீக்கிவிடுங்கள்.