வாக்குத்தத்த அட்டையும் பிரிக்காத அட்டைப்பெட்டியும்

கேள்வி: அக்கா, எங்க ஊர் தூத்துக்குடி பக்கம். வீட்டுக்காரருக்கு மாத்தலாகி ஓசூர் வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்குன்னு சர்ச்சுல ஆளுக்கொண்ணா எடுக்கிற பைபிள் வசன அட்டை) எரேமியா 29:11, நீங்க எதிர்பார்த்திருக்கிற முடிவைக் குடுப்பேன்னு கர்த்தர் சொல்ற வசனம். அதைப் பாத்ததும் சரி, இந்த வருஷம் ஊருக்கு டிரான்ஸ்பர் கன்ஃபார்ம்னு நம்பி பாதிப் பெட்டியைப் பிரிக்காமலே வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஊர் சர்ச் ஆராதனையைத்தான் போன்ல பாக்குறோம். வருஷம் முடியப்போகுது, ஒண்ணும் நடக்கல. ஒரு வருஷத்துல பைபிளை முடிக்கிற பிளான்ல வேற 40 அதிகாரம் பாக்கி. வாசிக்கிறேன், மூடி வச்சா ஒண்ணும் மனசுல நிக்கல. வேதத்துல இருந்து அன்னாட வாழ்க்கைக்கு எப்படிக்கா எடுத்துக்கிறது? இந்த டிசம்பர் 31-லயும் அட்டை எடுக்கலாமா, வேண்டாமா?
(பேர் வேண்டாம், ஓசூர்)

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த 40 அதிகார பாக்கியைத் தள்ளி வைங்க. பைபிள்ல மொத்தம் 1189 அதிகாரம், 365-ஆல வகுத்தா நாளுக்கு மூணேகால், அந்த பிளான் அவ்ளோதான். போட்டவங்க நல்ல மனசோடதான் போட்டிருக்காங்க, ஆனா லேவியராகமம் வர்ற நேரம் பாத்து வீட்ல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா போதும், அப்புறம் கரண்ட் பில் கட்டுற கதையாயிடுது, கடைசித் தேதிக்குள்ள கட்டிட்டா சரின்னு ஓடுறோமே தவிர என்ன வாசிச்சோம்னு கேட்டா முழிக்கிறோம். எனக்கும் இதே கதைதான் பல வருஷம்.

இப்ப உங்க அட்டைக்கு வரேன். அந்த 11-ம் வசனம் ஒரு லெட்டருக்கு நடுவுல இருக்கிற ஒரு வரி. எருசலேம்ல இருந்து எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனுக்கு எழுதின லெட்டர் அது. கி.மு. 597 வாக்குல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமுக்கு வந்து அங்க இருந்த ராஜா, ராஜாவோட அம்மா, பிரபுக்கள், தச்சர், கொல்லர்னு ஒரு பெரிய கூட்டத்தையே பிடிச்சிட்டுப் போயிட்டான், அந்த ஜனங்களுக்குத்தான் இது போகுது. அவங்க எந்த மனநிலையில இருந்திருப்பாங்கன்னு தெரியணும்னா ஒரு அதிகாரம் முன்னாடி போங்க. 28-ல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ஆலயத்துல நின்னுக்கிட்டு, ரெண்டே வருஷம், போன சாமானும் போன ஆளுங்களும் எல்லாம் திரும்பி வந்துரும்னு கர்த்தர் பேரைச் சொல்லி அடிச்சு விடுறான், பாபிலோனுக்குப் பணிஞ்சுதான் இருக்கணும்னு காட்ட எரேமியா கழுத்துல போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைச்சே காட்டுறான். கேட்டவங்களுக்கு எப்படி குளுகுளுன்னு இருந்திருக்கும்! நம்ம வாட்ஸ்அப் குரூப்ல வந்திருந்தா புறா படம் போட்டு நூறு ஆமென் விழுந்திருக்கும். ஆனா அது பொய்.

அதுக்கு அடுத்துதான் இந்த லெட்டர் வருது, அதுல முதல்ல என்ன சொல்லுது தெரியுமா? "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." அது 5-ம் வசனம். அடுத்து கல்யாணம் பண்ணுங்க, பிள்ளைகளுக்கும் பண்ணி வைங்க. 7-ல இன்னும் ஒரு படி மேல போய், உங்களைச் சிறைப்பிடிச்சுக் கொண்டுபோன அந்த ஊரோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க, அதுக்கு நல்லது நடந்தா உங்களுக்கும் நல்லது. 10-ல எழுபது வருஷம் ஆகும்னு ஒளிவுமறைவில்லாம சொல்லிட்டு, அப்புறம்தான் தங்கச்சி உங்க 11 வருது, நான் உங்களைப் பத்தி நினைக்கிறது தீமைக்கில்ல, சமாதானத்துக்குன்னு. எழுபது வருஷம்னா யோசிச்சுப் பாருங்க, அந்த லெட்டரை வாசிக்கக் கேட்ட பெரியவங்கள்ல முக்காவாசிப் பேர் அங்கேயே மண்ணாகியிருப்பாங்க. அவங்களுக்கும் சேத்துதான் அந்த வார்த்தை.

அட்டையில இடம் ஒரு வசனத்துக்குத்தான் இருக்கு, என்ன பண்றது. அச்சடிக்கிறவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, "தோட்டங்களை நாட்டி"ன்னு போட்டா யார் எடுப்பா?

சிரிக்காதீங்க, நானும் இப்படி ஏமாந்தவதான். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் போறப்ப, என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய பெலன் உண்டுங்கிற பிலிப்பியர் 4:13-ஐ ஒரு துண்டுச்சீட்டுல எழுதி ஹால் டிக்கெட்டோட மடிச்சு வச்சிருந்தேன், பிராக்டீஸ் சரியா பண்ணல, ஃபெயில். கடவுள் மேல கோவம் வேற. ரொம்ப நாள் கழிச்சு அதே அதிகாரத்துல 11-ம் 12-ம் வசனத்தை வாசிக்கும்போதுதான் உறைச்சுது, அந்த லெட்டரை எழுதின பவுல் ஜெயில்ல கட்டுப்பட்டுக் கிடந்துக்கிட்டு, சாப்பிட இருந்தாலும் பட்டினியா இருந்தாலும் நான் மனரம்மியமா இருக்கக் கத்துக்கிட்டேன்னு சொல்ற இடம் அது. பாஸ் பண்றதைப் பத்தி அங்க பேச்சே இல்ல. ஃபெயில் ஆனவ வாசிக்க வேண்டிய வசனத்தைப் போய் பரீட்சைக்கு முன்னாடி வாசிச்சிருக்கேன்.

அதனால நான் இப்ப பண்றது என்னன்னா, ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், சில நாள் அரை அதிகாரம், ஆனா வீட்டுக்கு வந்த லெட்டரைப் படிக்கிற மாதிரி, யார் எழுதுறா, யாருக்கு, அவங்களுக்கு அன்னைக்கு என்ன கஷ்டம்னு பாத்து. பேர் பட்டியல், ஊர்ப் பேர்னு நாம தாண்டிப் போற இடத்துலதான் பல நேரம் உயிர் இருக்கும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின லெட்டர், 2 தீமோத்தேயு 4-ஐ எடுங்க, நல்ல போராட்டத்தைப் போராடினேன்ங்கிற 7-ம் வசனம் நிறைய கல்லறையில பொறிச்சிருக்கும். அதே அதிகாரத்துல 13-ல அதே மனுஷன் என்ன கேக்குறாரு? துரோவாங்கிற ஊர்ல கார்ப்பு வீட்ல என் மேலங்கியை விட்டுட்டு வந்துட்டேன், வரும்போது எடுத்துட்டு வா, புஸ்தகத்தையும் மறந்துடாத. 21-ல, குளிர்காலத்துக்கு முன்னாடி வந்துரு. ஜெயில்ல குளிருது அவருக்கு, அவ்ளோதான். இதை வாசிச்ச அன்னைக்கு ஊர்ல இருக்கிற என் சித்திக்கு ஃபோன் போட்டு ஸ்வெட்டர் இருக்கான்னு கேட்டேன். இல்லைன்னாங்க.

உங்க விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்காரர் டிரான்ஸ்பருக்கு எழுதிப் போடுறதை நிறுத்தச் சொல்லல, ஓசூர் ஒண்ணும் பாபிலோன் இல்ல, உங்களை யாரும் சங்கிலி போட்டு இழுத்துட்டும் போகல. நான் எழுதுறதை வச்சு எழுபது வருஷம் இங்கதான்னு பயந்துறாதீங்க, அதுவும் தப்பான வாசிப்புதான், அது அந்த ஜனங்களுக்குக் குடுத்த கணக்கு. ஆனா அந்தப் பெட்டி இருக்கே, அதைப் பத்தி அந்த லெட்டர் நேராவே பேசுதுன்னுதான் எனக்குப் படுது. பிரிங்க. உள்ள என்ன இருக்குன்னே மறந்திருப்பீங்க, கல்யாணத்துக்கு வந்த நல்ல டம்ளர் செட்டெல்லாம் அதுலதான் தூங்குதோ என்னவோ. ஊர் சர்ச்சை போன்ல பாக்குறது உங்களுக்கு ஆறுதல்தான், தப்பில்ல, ஆனா ஓசூர்லயும் சர்ச் இருக்கு, அங்க போய் ஒரு மாசம் உக்காந்து பாருங்க, முதல் ரெண்டு வாரம் யாரும் பேச மாட்டாங்க, மூணாவது வாரம் யாராவது ஒரு அம்மா எந்த ஊரும்மான்னு கேப்பாங்க. உங்க கடுதாசியை இங்க சுருக்கித்தான் போட்டிருக்கு, முழுக் கடுதாசியில மாடி வீட்டம்மா மாடி வீட்டம்மான்னு நாலு தடவை எழுதியிருக்கீங்க, அவங்க தெலுங்கு பேசுவாங்கன்னும் எழுதியிருக்கீங்க, பேர் மட்டும் எழுதல. தெரியுமா?

அட்டையை தாராளமா எடுங்க, நானும் எடுப்பேன். வீட்டுக்கு வந்து தூங்குறதுக்கு முன்னாடி, என்ன வசனம் வந்தாலும் அந்த அதிகாரத்தை 1-ல இருந்து வாசிச்சிருங்க. அப்புறம் வாசல்ல ஒரு கறிவேப்பிலைக் கன்னு வைங்க, ஓசூர் குளிருக்கு நம்ம ஊர் மாதிரி சடசடன்னு வளராது, அதுக்காக தண்ணியை ஊத்தி ஊத்தி அழுக விட்டுராதீங்க.