சுற்றுலாவை விட்டால் நீலகிரிக்கு வேறு என்ன?

கேள்வி: இ-பாஸ் (மலைக்கு வண்டியில் வர முன்கூட்டியே எடுக்கும் அனுமதி), வாகனக் கட்டுப்பாடு என்று வந்ததில் இருந்து சீசனிலேயே என் லாட்ஜில் அறைகள் காலியாகக் கிடக்கின்றன. சுற்றுலாவை விட்டால் நீலகிரி மக்களுக்கு வேறு என்ன பிழைப்பு இருக்கிறது? இதெல்லாம் கோர்ட்டுக்குத் தெரியாதா? (வாசகர், ஊட்டி)

பதில்: அறை காலியாக இருந்தாலும் கரண்ட் பில் வரும், வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் சென்னை உயர்நீதிமன்றம் 2025ல் வைத்த வரம்பே நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. மே மாதம் ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பில் மாட்டிக்கொண்டு நின்றவர்கள் இதையே அதிகம் என்பார்கள்.

"வேறு என்ன இருக்கிறது" என்ற கேள்வி உங்கள் மலைக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் அங்கே உருளைக்கிழங்குதான் எல்லாம். 1961ல் வேரில் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது; பிறகு விதைக்கிழங்கை மற்ற மாநிலங்களுக்கு அனுப்பத் தடை வந்தது. சிறு விவசாயிகள் கிழங்குத் தோட்டங்களைத் தேயிலையாக மாற்றினார்கள். அந்தத் தேயிலைக்குப் பெரிய வாடிக்கையாளர் சோவியத் யூனியன். 1991ல் அந்த நாடே இல்லாமல் போனது. 90களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது இலை பறிக்கும் கூலிக்குக்கூட கட்டவில்லை. அப்புறம் பலர் காட்டேஜ் கட்டினார்கள். 2020ல் கொரோனா வந்து அதையும் பூட்டியது. ஒன்று விழுந்ததும் எல்லோருமாக அடுத்ததில் போய் விழுவதே வழக்கமாகிவிட்டது. இதற்கு இ-பாஸைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2001ல் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7.62 லட்சம், 2011ல் 7.35 லட்சம். சுற்றுலா கொழித்த அந்தப் பத்து ஆண்டுகளில்தான் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்தது. வண்டிகள் மேலே ஏற ஏற, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேலை தேடி கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போயிருக்கிறார்கள். ரூம் பாய் வேலைக்கும் டாக்ஸி ஓட்டவும் எத்தனை பேர்தான் வேண்டும்?

மாதச் சம்பளம் தரும் வேலை அந்த மலையில் இருந்ததே இல்லையா என்றால், இருந்தது. குன்னூரில் 1907ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் தடுப்பூசி தயாரித்தது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை அதற்கும் மூத்தது. கேத்தியில் ஊசி செய்யும் தொழிற்சாலை 1949ல் வந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967ல் உற்பத்தியைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அந்த ஆலை இருந்த பகுதிக்கு இந்து நகர் என்ற பெயரே அதனால் வந்ததுதான். 90களிலேயே நலிந்துபோன அந்த ஆலை, டிஜிட்டல் கேமரா வந்தபின் எழுந்திருக்கவே இல்லை. இவையெல்லாம் குளிர்ந்த காற்றையும் படித்த தொழிலாளர்களையும் நம்பியவை. மலை கெடாமல் செய்யக்கூடியதும் இந்த மாதிரித் தொழில்தான்: குறைந்த இடம், குறைந்த எடை, அதிக மதிப்பு.

நிலத்தில் விளைவதற்கும் இது பொருந்தும். ஊட்டிப் பூண்டை வடமாநில வியாபாரிகள் விதைக்காகவே மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து வாங்குகிறார்கள். நீங்கள் விளைவிக்கிறீர்கள், விலையைக் கீழே இருப்பவர் சொல்கிறார். தரம் பிரிக்கவும் இருப்பு வைக்கவும் மேலேயே வசதி கேட்டு எந்த லாட்ஜ் சங்கமாவது கடையடைப்பு நடத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இலையைச் சுருட்டிப் பக்குவமாகத் தயாரிக்கும் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சிறு விவசாயியின் இலையோ பெரும்பாலும் இயந்திரத்தில் நறுக்கிச் செய்யும், விலை மலிந்த சி.டி.சி. தூளாகத்தான் போகிறது.

இந்த இடத்தில் அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. மாற்றுத் தொழில் என்றாலே கண்ணாடிப் பாலம், சாகசப் பூங்கா என்று திட்டம் போடுவதை நிறுத்தட்டும். சூழல் சுற்றுலா என்று பெயர் வைத்தாலும் அதே வண்டிகள் அதே கல்லட்டி, குன்னூர் ரோட்டில்தான் ஏறி வர வேண்டும்.

சரி, கோர்ட்டுக்குத் தெரியாதா என்றீர்கள். மலை எவ்வளவு தாங்கும் என்று ஐ.ஐ.டி. சென்னையையும் ஐ.ஐ.எம். பெங்களூரையும் கணக்கெடுக்கச் சொன்னது அதே கோர்ட்தான். உங்கள் சங்கமும் ஒரு கணக்கு எடுக்கலாமே: உங்கள் லாட்ஜ்கள் வாங்கும் காய்கறி, டீத்தூள், மெத்தை விரிப்பு, சமையல்காரர் இவற்றில் எவ்வளவு மலையில் இருந்தே வருகிறது? காலி அறைகளின் பட்டியலோடு அதையும் கோர்ட்டில் கொடுங்கள்.