டிரெயின் குழாயோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: மார்பகத்தை எடுத்த கையோடு என் அக்காவுக்கு சிலிக்கான் இம்பிளாண்ட் வைத்திருக்கிறார்கள். காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயோடு வீட்டுக்கு வந்துவிட்டார். எப்படிப் பார்த்துக்கொள்வது? எப்போது தண்ணீர் பிடிக்கலாம்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நிறைகுடம் 15 கிலோ வரும். டாக்டர் சொல்லும்வரை, சாதாரணமாக 6 வாரம், குடமும் வேண்டாம், கைபம்பும் வேண்டாம். மார்புத் தசை இழுபட்டால் இம்பிளாண்ட் நகரலாம்.

டிரெயினில்தான் கவனம் தேவை. சோப்புப் போட்டுக் கை கழுவி, குழாய் தோலுக்குள் போகும் இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகை விரல்களால் குழாயை, அதன் நுனியில் நீர் சேரும் பல்பு பக்கம் உருவிவிடுங்கள். உருவிவிடாவிட்டால் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து அளவுக் குவளையில் ஊற்றி, மில்லியைக் குறித்து, பல்பைக் கசக்கிப் பிடித்தபடியே மூடுங்கள். பல்பு உப்பியிருந்தால் உறிஞ்சாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குள் வந்து, இரண்டு நாள் அப்படியே இருந்தால் பெரும்பாலும் டிரெயினை எடுத்துவிடுவார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

எடுத்த பிறகு நீர் கோத்து வீங்கினால் அது சீரோமா. தேவைப்பட்டால் டாக்டர் ஊசியால் இறக்குவார். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது: தோல் மரத்திருக்கும், சுட்டாலும் உறைக்காது.

100.4 டிகிரி காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றம், தோல் கறுப்பது, எது வந்தாலும் ஆபரேஷன் செய்த டாக்டரை அன்றே பாருங்கள். மருந்துக்கடை மாத்திரையில் நாளைக் கடத்தினால் இம்பிளாண்டையே எடுக்க நேரலாம். ராத்திரியில் ஒரு பக்கம் திடீரென வீங்கி இறுகினால் உள்ளே ரத்தக்கசிவாக இருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்காவது கிளம்பிவிடுங்கள்.